ஐந்தாவது பை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று யோசித்தபடியே பாத்திரங்களைக் கழுவினேன். புரிந்ததை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. கூலிம் ஹைடெக் பூங்காவில் உன் தொழிற்சாலையில் ஒரு புரோகிராமை வேலைக்கு விடுவதற்கு முன் அதைச் சோதிக்கிறீர்கள். அதற்காகப் பொய்யான ஃபைல்களை நீங்களே உண்டாக்கி, எல்லாரும் புழங்கும் கம்ப்யூட்டரில் வைத்து, புரோகிராம் அவற்றைச் சரியாகக் கையாள்கிறதா என்று பார்க்கிறீர்கள். சோதனை முடிந்ததும் அந்தப் பொய் ஃபைல்களை அழித்துவிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நீ எழுதிய ஒரு சோதனை அழிக்கவில்லை. எல்லாம் சரி என்று பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, தான் கொண்டுவந்ததை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டது. போன வாரம், உன் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய புரோகிராம் அந்தப் பழைய ஃபைலை எடுத்து, அதில் இருந்ததை உண்மையான அளவு என்று நம்பி, நல்ல சிப்புகளையெல்லாம் கெட்டவை என்று ஒதுக்கித் தள்ளியது. பழி அவள்மேல் விழுந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். அவளுடைய வேலை அதோடு போகும்.

"அது என்னோட ஃபைலுதாம்மா. உள்ள இருக்கிற நம்பரப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு," என்று நீயே சொன்னாய். நான் எதையும் கேட்பதற்கு முன்பே சொன்னாய். அதில் எனக்குப் பெருமைதான். அடுத்துச் சொன்னதுதான் பிடிக்கவில்லை. "ஆனா அந்த டெஸ்ட்டு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுலா. இப்ப எல்லாம் அவ பேருலதான் நிக்குது. அடுத்த மாசம் தைவானுக்கு மேனேஜரா போறேன். இந்த நேரத்துல நானே போயி எதுக்கும்மா கெளப்பணும்?" அந்தப் பொண்ணு என்ன ஆகும் என்று கேட்டேன். "புரொபேஷன்லதான இருக்கா. வேற எடத்துல கெடச்சிரும்," என்று லேப்டாப்பை மூடினாய். பிறகு ரசத்தில் உப்புக் குறைவு என்றாய். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பக்கத்து ஊரான லூனாஸ்காரி, தீபாவளிக்கு உங்கள் ஆபீஸ் கூட்டத்தோடு வீட்டுக்கு வந்தாளே. என் முறுக்கைத் தின்றுவிட்டு, "பாட்டி, இது கொஞ்சம் நமுத்துப்போச்சு," என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் புகழ்ந்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். போனில் இதைப் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக் காரை ஓட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்ப எனக்குத் தெரியும். உட்கார்ந்து படி.

ஒரு சோதனை விட்டுச்சென்ற பொருளால் ஒருத்தியைக் கப்பலேற்றி அனுப்பப் பார்த்தார்கள். அதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். இதுவரை உனக்குச் சொன்னதில்லை. அப்போது வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம். பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் இடையே ஒரு ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா, கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்தார். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் காலையில் ஒரே கேட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஒரு கைப்பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். நான் கான்வென்ட்டில் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குக் காத்திருந்தேன். இங்கிலீஷ் பேசுவேன் என்பதற்காக அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். "கான்வென்ட்டுல படிச்ச புள்ளைக்கு அடுத்தவ மடியத் தடவுற வேலையா?" என்று என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கோ எந்த வேலையானாலும் திருத்தமாகச் செய்ய வேண்டும். கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பேன், தலைத்துணியை உதறச் சொல்வேன், வாளியைக் கவிழ்ப்பேன். ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது.

எல்லாரையும்விடப் பிடிக்காதவள் பாப்பாத்தி. இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். புருஷன் மலேரியாவில் போய்விட்டான். வாய் மட்டும் ஓயாது. வரிசையில் நிற்கும்போதே தொடங்குவாள். "வாங்க டீச்சரம்மா, இன்னைக்கி என் கொண்டையில ஒரு மூட்டை அரிசி இருக்கு, அண்டா கொண்டாந்தீங்களா?" வரிசை சிரிக்கும். நான் சிரிக்காமல் கொண்டையை அவிழ்ப்பேன். "நல்லாப் பாருங்க. பேன் இருந்தா அதையும் சர்க்காருக்கே குடுத்துருங்க," என்பாள். மறுபக்கம் நிற்கும் கான்ஸ்டபிளுக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். அரிசி என்ற சொல் மட்டும் அவன் காதில் விழும்.

அந்தத் தோட்டத்துச் சின்ன துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மேனேஜர், வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். எதையும் புதிதாகச் செய்து பார்க்கும் ஆசை உண்டு. கேட்டில் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நம்பிக்கையான ஆட்களிடம் தானே அரிசியை ஒளித்து வைத்து அனுப்பத் திட்டமிட்டார். அதற்குச் சின்னச் சின்னப் பைகள் வேண்டும் என்று டிரஸ்ஸர் மகளான என்னிடம் தைக்கக் கேட்டார். எந்தப் பையை யார் கொண்டுபோவார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியில் ஐந்து பைகள் தைத்துக் கொடுத்தேன். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரி அம்மா கற்றுக்கொடுத்த தையல். முதலில் வெளிப்புறமாகத் தைத்து, திருப்பி, ஓரத்தை உள்ளே மூடி மறுபடியும் தைக்க வேண்டும். பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அறுந்த நூல் ஒன்று தெரியாது. அரிசி கட்டிக் கேட்டில் பிடிபடப்போகிற பைக்கு இத்தனை வேலைப்பாடு எதற்கு என்று என் அப்பா கேட்டார். எனக்கு வேறு விதமாகத் தைக்கத் தெரியாது. உன் அப்பா பின்னாளில் என்னைக் கேலி செய்வாரே, இவள் சமைத்து முடித்தால் அடுப்புக்கே சமைத்தது தெரியாது என்று. நான் அப்போதும் அப்படித்தான்.

சோதனை நடந்தது. என் பக்கம் வந்த பைகள் எல்லாம் அகப்பட்டன. ஆண்கள் பக்கம் ஒன்று தப்பியது. காண்டாக் கம்பு உனக்குத் தெரியாது. மூங்கில் கம்பைத் தோளில் போட்டு இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். அப்படி ஒரு புதுக் கம்பின் உள்ளே பையைத் திணித்து, முனையைத் துணியால் அடைத்து, முனுசாமி என்பவரிடம் துரை கொடுத்திருந்தார். கான்ஸ்டபிள் கம்பை எட்டிப் பார்க்கவில்லை. துரை எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார், கான்ஸ்டபிளைத் திட்டினார், எனக்குக் கைகொடுத்தார், சோதனை நல்லபடி முடிந்தது என்றார். "என் பைகள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மிஸ், அதுதான் முடிந்துவிட்டதே." முனுசாமி பையைக் கம்பிலிருந்து எடுத்திருப்பான் என்று துரை நினைத்துக்கொண்டார். துரை சமாச்சாரத்தில் நாம் கைவைக்கக்கூடாது, அவரே எடுத்துக்கொள்வார் என்று முனுசாமி நினைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் கம்பை வேலிக்கு வெளியே இருந்த பால் ஸ்டோரில், மற்றக் கம்புகளோடு சாத்தி வைத்தார். கொஞ்ச நாளில் சம்பந்தி வீட்டாரோடு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

பொதுவான இடத்தில் ஒரு பொருள் கிடந்தால் அது யாராவது ஒருவர் கைக்குப் போகத்தான் செய்யும். பாப்பாத்தியின் கம்பு ஒருநாள் முறிந்தது. ஸ்டோரில் சாத்தியிருந்த கம்புகளில் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கென்று டவுனிலிருந்து போலீஸ் படை ஒன்று முன்னறிவிப்பில்லாமல் மரம் வெட்டும் இடத்துக்கே வந்து சோதித்தது. அவர்கள் கையில் இரும்புக் கம்பி இருந்தது. மூங்கிலுக்குள் விட்டுக் குத்தினார்கள். பை வந்து விழுந்தது. வேலிக்கு வெளியே, காட்டோரத்தில், ஒளித்து வைத்த அரிசியோடு ஒருத்தி. இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று அவள் கத்தியதை மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை. அவள் வரிசையில் அடித்த கேலியெல்லாம் அப்போதுதான் கான்ஸ்டபிளுக்கு நினைவு வந்தது. கொண்டையில் அரிசி என்று தினமும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள் என்று சாட்சி சொன்னான்.

மத்தியானம் என் அப்பா தோட்ட ஆபீஸிலிருந்து இடிந்துபோய் வந்தார். "பாப்பாத்திய இந்தியாவுக்கு ஏத்திருவாங்க போல. பொறந்ததே இந்தத் தோட்டத்துல, அங்க அவளுக்கு யாரு இருக்கா? புள்ளைங்க வேற." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "சாமானியப் பையி இல்லையாம். அவ்வளவு நுணுக்கமான தையலாம். படிச்சவங்க யாரோ பின்னால இருந்து நடத்துறாங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாராம்." நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் விளங்கிவிட்டது. "வாயத் தொறக்காத. தச்சது நீன்னு தெரிஞ்சா ஒன்னையும் சேத்துதான் ஏத்துவாங்க. துரை வாயத் தொறந்தா சரி. நாம தொறந்தா தப்பு." அவர் கோழையில்லை, தம்பி. அந்தக் காலத்தில் விசாரணையில்லாமல் கொண்டுபோன எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

நான் கை கழுவிவிட்டு, கான்வென்ட் காலணியை மாட்டிக்கொண்டு நேரே சின்ன துரை ஆபீஸுக்குப் போனேன். நியாயம் கேட்கப் போனேன் என்று உனக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் உள்ளே போய் நின்றதும் என் வாயில் முதலில் வந்தது வேறு. "சார், ஐந்து பைகள் தைத்துக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை." அவர் மேசை டிராயரை இழுத்தார். நான்கு பைகள் அங்கே மடித்த கைக்குட்டைகள்போல் கிடந்தன. அவர் ஐந்தாவதைத் தேடினார். டிராயரின் மூலையில் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாப்பாத்தி பிடிபட்ட செய்தி அவருக்குக் காலையிலேயே தெரியும். அதற்கும் தன் சோதனைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தச் சோதனை முடிந்துவிட்டிருந்தது.

"இதைப் போலீசுக்குச் சொல்லாமல் செய்தேன்," என்றார். "அரிசியை வேலிக்கு வெளியே அனுப்பியதே நான்தான் என்று ஆகும். பெரிய துரை என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்." அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கும் இழக்க ஒரு வேலை இருந்தது. "அப்படியானால் நான்கையும் கொடுங்கள், சார். நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்," என்றேன். "நீயா? எப்படிப் போவாய்?" "பஸ்ஸில்."  துரை எழுந்து தொப்பியை எடுத்தார். அவருடைய காரிலேயே டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போனோம்; பாப்பாத்தியையும் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நிதானமானவர். துரை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் பையைக் கொண்டுவந்து மற்ற நான்கின் பக்கத்தில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். கடைசியில் எது கம்பிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. "சியாப்பா ஜாஹிட்?" என்றார். யார் தைத்தது என்று கேட்கிறார். என் அப்பா சொன்னது நினைவு வந்தது. இருந்தாலும் "சாயா," என்றேன், நான்தான் என்று. கையை நீட்டச் சொல்லி என் விரல் நுனியில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்தார். பிறகு துரைக்குக் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார்: "இனிமேல் சோதனை வைத்தால், வைத்ததை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்."

பாப்பாத்தியை மறுநாள் விட்டார்கள். சின்ன துரையைப் பெரிய துரை திட்டித் தீர்த்தார், ஆனால் ஊருக்கு அனுப்பவில்லை. அடுத்த முறை கேட்டில் சோதனை வைத்தபோது, போட்ட பைகள் அத்தனையும் என் கைக்குத் திரும்பி வரும்வரை அவர் தொப்பியைக் கழற்றவில்லை. பின்னாளில் அவர் நல்ல மேனேஜர் என்று பெயர் எடுத்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் காலையில் பாப்பாத்தி வரிசையில் என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். "கம்ப நல்லா எட்டிப் பாருங்க டீச்சரம்மா, உள்ள இன்னொரு தொரை ஒக்காந்திருக்கப் போறாரு," என்றாள். வரிசை சிரித்தது. அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் நகரவில்லை. குரலை இறக்கி, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தொரை காரு வந்த சத்தம் கேட்டுச்சு. கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் வந்துட்டாங்கன்னு சீலைய இழுத்துக் கட்டிக்கிட்டேன். சின்னவளப் பாத்துக்க, சின்னவளப் பாத்துக்கன்னு என் மூத்தவகிட்ட சொல்ற மாதிரி அந்தச் செவுத்துக்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். விடியிற வரைக்கும். நீங்க அடுத்த ரூமுலதான இருந்தீங்க? ஒரு எட்டு வந்து, 'பாப்பாத்தி, ஒம்மேல தப்பில்ல, எங்களுக்குத் தெரியும்'னு சொல்லியிருந்தா என்ன?"

 நாங்கள் செய்ததெல்லாம் சரி. துரையிடம் பேசினோம், இன்ஸ்பெக்டரிடம் பேசினோம், கையெழுத்துப் போட்டோம், காரில் ஏறித் திரும்பினோம். அந்த நிலையத்தில் உண்மை தெரியாத ஒரே ஆள், அது யாருக்கு அவசியமாகத் தேவைப்பட்டதோ அவள்தான். அவளிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அந்தக் காலையில் நான் அவள் கொண்டையை அவிழ்க்கவில்லை. அவளே அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டு, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

தம்பி, உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சின்ன துரை டிராயரைத் திறந்து பார்க்க நான் போய் நிற்க வேண்டியிருந்தது. நீயோ நான் கேட்பதற்கு முன்பே சாப்பாட்டு மேசையில் திறந்துவிட்டாய். மூடியதெல்லாம் பிறகுதான். மீட்டிங்கில் நீ சொல்லிவிடுவாய் என்றே நினைக்கிறேன்; உப்புச் சரியாக இருக்கும் ரசத்தை எத்தனை நாள் குறை சொல்ல முடியும்? தைவான் வேலை கொஞ்சம் தள்ளிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். செய்த தவறைத் தானே வந்து சொல்கிற ஆளை யாரும் அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டார்கள் என்பது என் எண்ணம். நீ எழுதிய மற்றச் சோதனைகளையும் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடு. எதை எங்கே விட்டுவைத்தாய் என்பது உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ஒன்றை மட்டும் நான் சொல்லும் வரிசையில் செய். செவ்வாய்க்கிழமை உன் மேலதிகாரியின் அறைக்குப் போவதற்கு முன், மின்னஞ்சல் எழுதுவதற்கு முன், அந்தப் பெண்ணுக்குப் போன் செய். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு செய்தால் இன்னும் நல்லது. ஃபைல் உன்னுடையது, தவறு அவளுடையது இல்லை, அதைப் பத்து மணிக்கு எல்லார் முன்னாலும் நீ சொல்லப்போகிறாய் என்று சொல். அவள் உன்னைத் திட்டினாலும் திட்டுவாள். வாய் உள்ள பெண், கேட்டுக்கொள். பிறகு அவள் தன் அம்மாவிடம் போய்ச் சொல்லட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், தூங்கட்டும். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

அம்மா